கட்டுவோரும் தாவுவோரும்



ஒரே விளையாட்டைக் குறித்து ஒருவர், "இதைப் போல் மற்றொன்று உண்டா?" என்று வியக்கிறார். அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து அதே விளையாட்டை ஆடிய மற்றொருவர், "இதுவும் ஒரு விளையாட்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறார். இருவரும் அறிவுடையவர்கள், இருவரும் பொய் சொல்பவர்கள் அல்லர். அப்படியிருக்க, இவ்வளவு பெரிய வேற்றுமை எங்கிருந்து பிறக்கிறது? இதனைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். சதுரங்கத்தையோ சடுகுடுவையோ நான் எடுத்துக்கொள்ளவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் அமர்ந்து நீங்கள் ஆடுகிறீர்களே, அந்த வீடியோ விளையாட்டைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அறுபதைக் கடந்த தலைமையாசிரியன் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நகைப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த வழக்கு என் வீட்டுக்கே வந்து, தீர்ப்புக் கூறும்படி என்னை நிறுத்திவிட்டது. அதனால் பேசத் துணிந்தேன்.

நெய்வேலி நகரியத்தில் என் மகனுடைய குவார்ட்டர்ஸில் நான் வசித்து வருகிறேன். பேரன் மூத்தவன், பேத்தி அவனுக்கு இரண்டு ஆண்டு இளையவள். சில ஆண்டுகளுக்கு முன்பு அவர்களுடைய தந்தை பிளேஸ்டேஷன் பெட்டி ஒன்றும், 'லிட்டில் பிக் பிளானட்' என்னும் விளையாட்டின் மூன்றாம் பாகமும் வாங்கிக் கொடுத்தான். அன்று முதல் வீட்டில் அமைதி இல்லை.

இந்த விளையாட்டைக் காணாதவர்களுக்காகச் சிறிது கூறுகிறேன். இங்கிலாந்தில் கில்ட்போர்டு என்னும் ஊரில் உள்ள 'மீடியா மாலிக்யூல்' நிறுவனத்தார் இதனை உருவாக்கி, 2008ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சாக்குத் துணியால் தைத்தாற்போன்ற சிறு பொம்மை ஒன்றுதான் கதாநாயகன். 'சாக்பாய்' என்பது அதன் பெயர். அது ஒரு மேடையிலிருந்து மற்றொரு மேடைக்குத் தாவ வேண்டும். பள்ளத்தில் விழாமல் கடைசி வரையில் போய்ச் சேர வேண்டும். இவ்வகை விளையாட்டுகள் முன்பே பல இருந்தன. இதன் புதுமை வேறு. ஆடுகின்றவனே புதிய மேடைகளைக் கட்டலாம். மரம், கல், அட்டை, பஞ்சு, கண்ணாடி ஆகியவற்றை வேண்டிய வடிவில் வெட்டி, ஆணியால் பொருத்தி, மோட்டாரால் சுழலச் செய்து, தான் ஆக்கியதை உலகெங்கும் உள்ள மற்றவர்கள் ஆடும்படி அனுப்பி வைக்கலாம். அடுத்த ஆண்டிலேயே அவ்வாறு மக்கள் கட்டி அனுப்பிய களங்கள் பத்து லட்சத்தைக் கடந்தன என்றால், அதன் கவர்ச்சியை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் பாகம் 2011இல் வந்தது. மூன்றாம் பாகத்தை 'சுமோ டிஜிட்டல்' என்னும் மற்றொரு நிறுவனம் 2014இல் ஆக்கியது.

என் பேத்தி கட்டியது நெய்வேலிச் சுரங்கம். இங்கே பிறந்த குழந்தை வேறு எதைக் கட்டும்? 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் பண்டித நேரு தொடங்கி வைத்த அந்தச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: செம்மண் படிப்படியாக வெட்டப்பட்டு, அரக்கர்கள் ஏறி இறங்குவதற்கு அமைத்த படிக்கட்டுப் போலக் கீழே இறங்கும். பக்கெட் வீல் என்று ஊரார் கூறும் வாளிச் சக்கர எந்திரம் மெல்லச் சுழன்று மண்ணை வாரும். நெடுந்தொலைவு மண்ணை அகற்றிய பின்னரே பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரியும். முதன்முதலாக அது வெளிப்பட்டது 1961இல். தொடங்கியதற்கும் கண்டதற்கும் இடையே நான்கு ஆண்டுகள் சென்றன. கரிப்படுகைக்கு அடியிலோ அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர் இருக்கிறது. அதனை இடைவிடாமல் இறைக்காவிட்டால் அது பொங்கி மேலே வந்துவிடும்.

இவ்வளவையும் அந்தச் சிறுமி கட்டியிருந்தாள். படிகளைப் பழுப்பு நிற அட்டையால் அமைத்தாள். மரத்தால் சக்கரம் செய்து, எட்டு வாளிகளைத் தொங்கவிட்டு, மோட்டார் ஆணியால் சுழல விட்டாள். நீல அட்டை ஒன்றை நீராக்கி, அது தண்டு ஒன்றால் மெல்ல மெல்ல மேலெழும்படி செய்தாள். பொம்மை வாளிக்குள் தாவி ஏறி, சக்கரத்தோடு சுற்றி, மூன்றாம் படியில் இறங்கி, விசையை இழுத்தால் நீர் தணியும். இதற்கு அவளுக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் தேவைப்பட்டது.

பேரன் அதனை ஆடத் தொடங்கினான். வாளியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவினான், விழுந்தான். மீண்டும் தாவினான், மீண்டும் விழுந்தான். பத்து முறைக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு முறை பொம்மை காற்றில் மிதந்து படிக்கு அப்பால் போயிற்று. மற்றொரு முறை படியின் முன்னாலுள்ள தடத்தில் இறங்க வேண்டியது பின்னாலுள்ள தடத்தில் இறங்கியது. அவன் கையிலிருந்த கருவியை மெத்தையின் மேல் எறிந்தான்.

"நான் சரியாகத்தான் தாவினேன் தாத்தா! இந்தப் பொம்மைதான் சொன்னபடி கேட்கவில்லை. இது விளையாட்டே இல்லை."

"அண்ணா சக்கரத்தைப் பார்க்கவே இல்லை தாத்தா. ஓடி முடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவனுக்கு. நான் செய்த வாளியில் எத்தனை பல் இருக்கிறது என்று கேளுங்கள், தெரியாது."

நான் அன்று கூறிய தீர்ப்பு அண்ணனுக்குச் சாதகமாக இருந்தது. விளையாட்டு என்றால் விதி நேராக இருக்க வேண்டும். ஒரே செயலுக்கு ஒரே பயன் கிடைக்க வேண்டும். இல்லையேல் திறமைக்கு மதிப்பு ஏது என்று சொன்னேன். பேத்தி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். நான் கூறியது முற்றிலும் பிழை அன்று. ஆயினும் பாதியைத்தான் பார்த்திருக்கிறேன் என்பது பின்னர் விளங்கிற்று.

இதனை விளக்குவதற்கு நாம் ஜப்பானுக்குச் செல்ல வேண்டும். 1985ஆம் ஆண்டில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் விளையாட்டை உங்கள் தந்தையர் ஆடியிருப்பார்கள். அதில் செங்கற்கள் ஆதாரம் இல்லாமல் வானத்தில் நிற்கும். மாரியோ அவற்றின்மேல் ஏறி நிற்பதனால் அவை சாய்வதில்லை. பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் உயரத் தாவுவான். சிறிது நேரம் அழுத்தினால் தாழத் தாவுவான். இன்று இருந்த அளவே நாளையும் இருக்கும். ஆகவே விழுந்தவன், "பிழை என்னுடையது" என்று ஒப்புக்கொண்டு மறுபடியும் தாவுகிறான். தாவுவோர் விரும்புவது இந்த நேர்மையைத்தான். அதனை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது. தன் கைத்திறம் வளர்வதைத் தானே அளந்து காண்பதற்கு அளவுகோல் வளையாமல் இருக்க வேண்டும் அல்லவா?

சாக்பாயின் உலகமோ அப்படிப்பட்டது அன்று. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் எடை உண்டு, உராய்வு உண்டு. பலகையின் ஓரத்தில் பொம்மை நின்றால் பலகை சாயும். கண்ணாடியின்மேல் கால் வழுக்கும். பஞ்சைப் பற்றிக்கொண்டு ஊஞ்சலாடலாம். பொம்மையும் அவ்வுலகப் பொருள்களில் ஒன்றே. அதுவும் எடையுள்ளதாய்த் தள்ளப்படுகிறது, இழுக்கப்படுகிறது. ஆகையால் அதன் தாவலில் சிறிது தளர்ச்சி இருக்கிறது. எழும்பும்போதும் இறங்கும்போதும் மிதப்பது போலத் தோன்றுகிறது. முதல் விளையாட்டிலேயே முன்னும் பின்னுமாக மூன்று தடங்கள் உண்டு. எந்தத் தடத்தில் கால் வைப்பது என்பதைப் பல சமயங்களில் விளையாட்டே தீர்மானிக்கும். மூன்றாம் பாகத்தில் தடங்கள் பதினாறு ஆகிவிட்டன. முதல் பாகம் வந்த நாளிலிருந்தே தாவுவோர் இந்த இரண்டு குறைகளையும் சொல்லி வந்தார்கள். திறனாய்வாளர்கள் அவ்விளையாட்டுக்கு மிக உயர்ந்த மதிப்பெண் வழங்கினார்கள். அவ்வாறு வழங்கியவர்களிலும் பலர் தாவலைப் பற்றி முணுமுணுக்காமல் விடவில்லை.

இனிக் கட்டுவோர் பக்கத்தைப் பாருங்கள். எடையும் உராய்வும் இருப்பதனால்தான் சக்கரம் சுழல்கிறது, வாளி பொம்மையைச் சுமந்து செல்கிறது, சாய்வுப்பலகை சறுக்குகிறது. 2008ஆம் ஆண்டிலேயே ஒருவர் அந்த உலகத்துக் கட்டைகளையும் தண்டுகளையும் காந்த விசைகளையும் கொண்டு, கூட்டவும் கழிக்கவும் வல்ல கணக்குப் பொறி ஒன்றைக் கட்டிக் காட்டினார். தாவுவதற்காக வந்த விளையாட்டுக்குள் கணக்குப் பொறி! அதனைச் செய்யும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. பொருள்கள் தம் இயல்பின்படி நடந்துகொள்ளும் உலகம் கையில் கிடைத்தால், மனிதன் வேறு யாரும் கேளாததைச் செய்து பார்க்கிறான். மாரியோவின் அசையாத செங்கல்லை வைத்துக்கொண்டு அவ்வகைப் பொறியை ஆக்க முடியாது.

தாவுவோர் குறை கூறுவதும் கட்டுவோர் போற்றுவதும் இரண்டு வெவ்வேறு பொருள்கள் அல்ல என்பதை நான் கண்டுகொண்ட இடம் இது. ஒன்றேதான். ஊஞ்சல் வேண்டும், ஆனால் அது ஆடலாகாது என்றால் எங்ஙனம் பொருந்தும்? பேரன் விழுந்ததும் பேத்தி மகிழ்ந்ததும் ஒரே ஊஞ்சலால்.

"அப்படியானால் தாவலை மட்டுமாவது இன்னும் சிறிது கூர்மையாகச் செய்திருக்கலாமே?" என்று பேரன் கேட்டான். கேள்வி நியாயமானதுதான். ஆக்கியோர் முயன்றிருந்தால் ஓரளவு செய்திருக்கலாம் என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் 2020ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அந்த ஆண்டு மீடியா மாலிக்யூல் நிறுவனம் 'ட்ரீம்ஸ்' என்ற பெயரில் கட்டுவதையே முதன்மையாகக் கொண்ட ஆக்கம் ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டின் இறுதியில் சுமோ டிஜிட்டல் நிறுவனம் சாக்பாயை வைத்து 'சாக்பாய்: எ பிக் அட்வென்ச்சர்' என்னும் புதிய விளையாட்டை ஆக்கியது. அதில் தாவல் திருத்தமாக இருக்கிறது. களம் கட்டும் வசதியோ அறவே இல்லை. ஒரு குடும்பம் இரண்டு அடுப்பு வைத்துக்கொண்டதைப் போலாயிற்று. தாவுவோர் பலர் மகிழ்ந்தார்கள். பழைய விளையாட்டில் கட்டிப் பழகியவர்களோ, உடம்பு மட்டும் திரும்பி வந்தது, உயிர் வரவில்லை என்று வருந்தினார்கள்.

இத்தகைய பிளவு வெளிநாட்டாருக்கே உரியது என்று எண்ண வேண்டா. நம் தெருக்களில் சிறுமியர் ஆடும் பாண்டி ஆட்டத்தைச் சிறிது நினைத்துப் பாருங்கள். அதுவும் தாவும் ஆட்டம். அதன் களத்தையும் ஆடுவோரே கட்டுகிறார்கள். குச்சியால் மண்ணில் கோடு கிழித்துப் பெட்டிகளை வரைந்து, ஓட்டுச் சில்லை எறிந்து, ஒற்றைக் காலால் நொண்டிச் செல்கிறார்கள். கோட்டை மிதித்தால் ஆட்டம் போயிற்று. ஆட்டத்தில் வென்றவள் ஒரு பெட்டியைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் முறையும் உண்டு. அவள் அதில் இரண்டு காலையும் ஊன்றி இளைப்பாறலாம். மற்றவர்களோ அதனை மிதிக்காமல் தாண்ட வேண்டும். வென்றவள் அடுத்த ஆட்டத்தின் களத்தை மாற்றிவிடுகிறாள் என்பதைக் கவனியுங்கள். இந்த நகரியத்தில் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வடநாட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் ஒரே வட்டத்தில் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருப்பதால், ஒவ்வொரு சிறுமியும் தன் ஊர்ப் பெட்டியை வரைய முற்படுவாள். வேப்பமரத்தடியில் அவர்கள் ஆடிய நேரத்தைக் காட்டிலும், பெட்டி எட்டா பத்தா, இந்தக் கோடு நேரா கோணலா என்று வழக்காடிய நேரமே மிகுதி. அந்த வழக்கையும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே அவர்கள் கொண்டார்கள் என்று நினைக்கிறேன். மண்ணில் கிழித்த கோட்டை அழித்து மறுபடியும் கிழிக்க அரை நிமிடம் போதும். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் கட்டியதை மாற்ற ஒரு வாரம் ஆகிறது. புண்பட்ட மனமும் அத்தனை நாள் ஆறாமல் இருக்கிறது.

புண்படுவது ஒரு பக்கத்தார் மட்டும் அல்லர். 2015இல் நின்டெண்டோ நிறுவனம் 'சூப்பர் மாரியோ மேக்கர்' என்ற விளையாட்டை வெளியிட்டு, மாரியோவின் களங்களையும் ஆடுவோரே ஆக்கலாம் என்று வழி திறந்தது. அதில் ஒரு கட்டளை வைத்தார்கள்: ஒருவர் தாம் ஆக்கிய களத்தைத் தாமே ஒருமுறை ஆடி முடித்துக் காட்டினால் அல்லாமல் அதனைப் பிறருக்கு அனுப்ப முடியாது. இதனைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. தாம் விடை எழுதிப் பாராத வினாத்தாளைத் தயாரித்து, மாணவர் மேல் எறிந்த ஆசிரியர்களை நான் அறிவேன். அவர்களுள் நானும் ஒருவன். கட்டுகின்றவன் தாவுகின்றவனுடைய காலால் ஒருமுறையேனும் நடந்து பார்க்க வேண்டும் என்பது எவ்வளவு எளிய விதி! எனினும் அந்த விதியாலும் சண்டை ஓயவில்லை. நூறு முறை முயன்று ஒருமுறை முடித்துவிட்டு, பிறரால் தாண்ட முடியாத முட்களையெல்லாம் பரப்பி அனுப்புவோர் அங்கும் இருந்தார்கள்.

என் தீர்ப்பு பிழைபட்டதன் காரணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. அது வேறோர் ஊரில், நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில் நடந்தது. பள்ளியில் அறிவியற் கண்காட்சி வைத்தார்கள். ஒரு சிறுவன் தீப்பெட்டிகளும் நூற்கண்டும் சைக்கிள் கம்பியும் கொண்டு, மணல் வாரும் எந்திரம் ஒன்று செய்து வந்திருந்தான். காலையில் அது நன்றாக ஓடிற்று. பார்வையிட வந்த அதிகாரி முன்னால் நூல் சிக்கி நின்றுவிட்டது. அடுத்த மேசையில் மற்றொரு மாணவன் பாடநூலிலிருந்த படத்தை வண்ண மையால் பெரிதாக வரைந்து ஒட்டியிருந்தான். அதில் சிக்குவதற்கு ஒன்றும் இல்லை. பரிசு அவனுக்குப் போயிற்று. முடிவு செய்தவன் நான். "செய்து கற்றலே சிறந்தது" என்று பயிற்சிக் கல்லூரித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி முதல் வகுப்பில் தேறிய அதே நான்! அந்தச் சிறுவன் என்னிடம் வந்து, "சார், நூலை மாற்றிவிட்டேன், இப்போது ஓடுகிறது, பார்க்கிறீர்களா?" என்று கேட்டான். அதிகாரியை வழியனுப்பும் அவசரத்தில், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிறகு வரவே இல்லை.

ஆகவே பேத்தியை அழைத்தேன். "வாளியில் எத்தனை பல், அம்மா?" என்று கேட்டேன். அவள் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் அன்று என்று தெரிந்த பிறகு, "ஐந்து" என்றாள். பிறகு நானே கருவியைக் கையில் எடுத்து அந்தச் சுரங்கத்தில் இறங்கினேன். என் பொம்மை முதற்படியிலேயே விழுந்து இறந்ததை நான் மறைக்க விரும்பவில்லை. பேரன் என்னைக் கேலி செய்துகொண்டே வழி சொன்னான். அப்போது ஒன்றைக் கண்டேன். எத்தனையோ முறை அந்தக் களத்தில் விழுந்த அவனுக்கு, வாளி எப்போது தாழும், எந்தக் கணத்தில் காலை எடுக்க வேண்டும் என்பது கட்டியவளைக் காட்டிலும் நன்றாகத் தெரிந்திருந்தது. மூன்றாம் படி கையளவு குறுகலாக இருப்பதை அவன்தான் அவளுக்குச் சுட்டிக் காட்டினான். அவள் அதனை அகலமாக்கினாள். அகலமாக்கியதும் சக்கரத்தின் வாளி படியில் இடித்து நின்றுவிட்டது. பழையபடி குறுக்கினாள்.

அந்தக் களத்தை அவள் உலகத்தாருக்கு அனுப்பியிருந்தாள். யாரோ சிலர், எந்த நாட்டினரோ, அதனை ஆடிவிட்டுப் போனார்கள். ஒருவர் இதயக் குறி ஒன்றும் இட்டிருந்தார். அதனை அவள் என்னிடம் மும்முறை காட்டினாள். 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த விளையாட்டின் இணையச் சேவை நின்றது. இனித் திரும்பாது என்று அதே ஆண்டு ஏப்ரலில் அறிவித்தார்கள். முந்தைய பிளேஸ்டேஷன் பெட்டிக்குரிய சேவையை 2021லேயே மூடியிருந்தார்கள். உலகெங்கும் உள்ள சிறுவர்களும் பெரியவர்களும் பல ஆண்டுகளாகக் கட்டி அனுப்பியவற்றை அவ்வழியே சென்று காண இனி இயலாது. தாவ விரும்புவோருக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. நிறுவனத்தார் ஆக்கிய களங்கள் பெட்டியிலேயே இருக்கின்றன. இழந்தவர்கள் கட்டியவர்கள். அவர்களுடைய வீடு இருக்கிறது. வாசலுக்கு வரும் தெரு போய்விட்டது.

பேத்தியின் சுரங்கம் இன்றும் எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. சக்கரம் சுழல்கிறது, நீல அட்டை நீர் மெல்ல மேலெழுகிறது. அதனை ஆடிப் பார்ப்பதற்கு இப்போது அவளுக்கு அண்ணன் ஒருவன்தான் இருக்கிறான். சென்ற ஞாயிற்றுக்கிழமையும் அவன் மூன்றாம் படியில் விழுந்தான். "இந்தப் பொம்மைக்குத் தாவவே தெரியாது" என்று சலித்துக்கொண்டான். கருவியைக் கீழே வைக்கவில்லை. அவள் பக்கத்தில் அமர்ந்து, வாளி தாழும் கணத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.